கால் கயிறு

உட்காருங்கள் தம்பி. அந்தப் படகு ஓரமாக உட்காருங்கள், மணல் கண்ணில் அடிக்காது. நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்கு அவன் தலை தெரியாது. முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறானே என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்குக் கடலை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

தெரிகிறதா உங்களுக்கு? வெள்ளையாக ஒரு வரிசை உடைகிறதே, அதைத் தாண்டி. மஞ்சள் பனியன். இப்போது இல்லை, அலை மறைக்கிறது. இருங்கள். இருங்கள். அதோ. அவன்தான் தேசிங்கு. நீங்கள் பேட்டி எடுக்க வந்த இரண்டு பேரில் மற்றவன். நான் எத்திராஜ்.

கேமரா ஓடட்டும். நீங்கள் வந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. தனியாக நின்றால் என்னென்னவோ நினைப்பு வருகிறது. பேசிக்கொண்டிருந்தால் கொஞ்சம் அடங்குகிறது.

இன்றைக்கு யாரும் இறங்கக் கூடாதுதான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். காலையில் மீன்துறை ஜீப் வந்து மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. படகுகளை எவ்வளவு மேலே இழுத்துப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். குப்பத்து ஆம்பளைகள் எல்லோரும் வலைக்கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் புயலுக்கு முந்தின அலை இருக்கிறதே, அது எப்போதாவதுதான் அமையும். மழை இன்னும் வரவில்லை. காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அலை உடையாமல் அப்படியே எழுந்து நிற்கும், சுவர் மாதிரி. தேசிங்கு அதற்காகவே உயிரை வைத்துக்கொண்டு இருக்கிறவன்.

அந்த வார்த்தையை விடுங்கள். இன்றைக்கு வாயில் அந்த மாதிரி வரக் கூடாது.

படத்தில் வருகிற மாதிரி நிஜமாகவே குதித்தீர்களா என்று கேட்டீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். சொல்கிறேன். படத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், கரையில் வேண்டாம். நான் அந்தப் பெயரைச் சொல்லியே ரொம்ப நாளாகிறது.

எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. ஐம்பத்து நான்கு. உடைந்த படகுப் பலகையில் குப்புறப் படுத்து அலையோடு கரைக்கு வருவோம், சின்ன வயசில். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே ஒரு பிரெஞ்சுக்காரர் இங்கே வந்து தங்கியபோதுதான் தெரிந்தது. அவர் போகும்போது தன் சர்ஃப் போர்டை விட்டுவிட்டுப் போனார். பலகை என்றே நாங்கள் சொல்வோம். அந்த ஒரு பலகையில் ஆரம்பித்ததுதான் அங்கே தெரிகிறதே, நீலக் கொட்டகை, எங்கள் சர்ஃப் பள்ளி. கொட்டகைச் சுவரில் தேசிங்கு பெயிண்டால் எழுதியிருக்கிறான், வரும்போது பார்த்திருப்பீர்கள். ‘கூட ஆள் இல்லாமல் கடலில் இறங்காதே.’ ஆரம்பத்தில் ‘கூட’ என்பதை இவ்வளவு பெரிதாக எழுதிவிட்டான். முடிவில் சுவர் போதவில்லை. ‘இறங்காதே’ எறும்பு மாதிரி இருக்கும். சென்னையிலிருந்து வருகிற பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்தச் சட்டம் எங்கள் இரண்டு பேருக்காக எழுதியது. அவன் இறங்கினால் நானும் இறங்குவேன். நான் இறங்கினால் அவனும். குப்பத்தில் எங்களைத் தனியாகப் பார்த்தால் மற்றவன் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இப்போது நான் கரையில் நிற்பதற்குக் காரணம் காது. காதுக்குள் தண்ணீர் போனால் வலி உயிர் போகிறது. டாக்டர் போகாதே என்றார். அல்லது போனால் பஞ்சு வைத்துக்கொண்டு போ என்றார். ஏதோ ஒன்று.

அதோ, அலை பிடிக்கப் போகிறான். பாருங்கள். துடுப்புப் போடுகிற மாதிரி கையைப் போடுகிறான் பாருங்கள். விட்டுவிட்டான். நல்லது. அது சரியான அலை இல்லை. அவனுக்குத் தெரியும்.

படக் கம்பெனி போன வருஷம் பொங்கல் முடிந்து வந்தது. கதை உங்களுக்குத் தெரியும். இரண்டு நண்பர்கள், அலைச்சறுக்கு, நடுவில் மனக்கசப்பு, பேச்சு நின்றுபோகிறது. கடைசியில் புயல் அலையில் ஒருவன் மாட்டிக்கொள்கிறான். மற்றவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் குதிக்கிறான். டைரக்டர் சின்னப் பையன்தான், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு ஒரு மாதம் சுற்றினார். நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் இரண்டு பேரைத்தான் எடுக்கப் போகிறேன் அண்ணே என்றார். எங்களுக்குள் மனக்கசப்பே வந்தது இல்லையே என்றேன். அது இல்லாமல் இடைவேளை எப்படி விடுவது என்று கேட்டார். நியாயம்தான்.

நடித்தவர்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் ஆகாது. கிட்டக்காட்சிக்கு முட்டியளவில் நிற்பார்கள். தூரத்தில் தெரிவது எல்லாம் நாங்கள். எனக்குப் பெரிய ஹீரோவின் சிவப்புக் கால்சட்டையும் ஒரு டோப்பாவும். அவனுக்கு நீலக் கால்சட்டையும் சுருட்டை டோப்பாவும். முதல் நாள் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான். "டேய் எத்தி, உன் பொண்டாட்டி பாத்தா மறுபடியும் மாப்பிள்ள பாக்க வருவாடா" என்றான். அன்றிலிருந்து என்னை ஹீரோ என்றுதான் கூப்பிடுகிறான். இன்றைக்குக் காலை வரைக்கும்.

அந்தப் படத்தில் ஒரு தப்பு நடந்தது தம்பி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

கதையில் பெரிய ஹீரோவின் அப்பா கடலில் போனவர். வீட்டுச் சுவரில் அவர் போட்டோ மாலையோடு தொங்க வேண்டும். ஆர்ட் டிபார்ட்மெண்ட்டில் ஒரு பெண், பாவம், கொண்டுவந்த போட்டோ எதுவும் மீனவர் முகமாக இல்லை என்று டைரக்டர் திட்டியதில் கண் கலங்கி நின்றது. தேசிங்கு வீட்டுக்குப் போய்த் தன் போட்டோவை எடுத்துவந்து கொடுத்துவிட்டான். தங்கச்சி கல்யாணத்தில் எடுத்தது. தலை சீவி, நேராகப் பார்த்துக்கொண்டு இருப்பான். "சம்பங்கி வேணாம் பாப்பா, ரோஜா போடு" என்றான். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டது. மாலை போட்டு, பொட்டு வைத்து, கீழே சிவப்பு பல்பு ஒன்று எரிய விட்டு, சுவரில் மாட்டிவிட்டார்கள்.

நான் அப்போது அங்கே இல்லை. டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து செட்டுக்குள் நுழைகிறேன். எதிரில் சுவரில் தேசிங்கு. மாலை, பொட்டு, பல்பு. எனக்கு அந்த ஒரு நிமிஷம் என்ன ஆனது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவன் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கிறான். வடை தின்கிறான். மென்று தின்கிற சத்தம் காதில் விழுகிறது. ஆனாலும் எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மேக்கப் போடுகிற பெரியவர் ராஜமாணிக்கம் என்று ஒருவர், ரொம்ப காலமாகச் சினிமாவில் இருப்பவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டாம். ஒருவன் பிணமாகப் படுத்து நடித்தாலோ, உயிரோடு இருப்பவன் போட்டோவுக்கு மாலை போட்டாலோ, அந்த ஷாட் முடிந்ததும் அந்த ஆளை அதே கேமரா முன்னால் நிறுத்திச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்களாம். அது படத்தில் வராது. சும்மா, திருஷ்டி கழிப்புக்காக. அப்புறம் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். கேமரா கடைசியாகப் பார்த்தது செத்த முகமாக இருக்கக் கூடாது, சிரித்த முகமாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு என்றார்.

எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை. கேமராவைத் திருப்பினார்கள், தேசிங்கும் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றான், அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ அலை ஏறுகிறது என்று கத்தினார்கள். டைரக்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினார். தேசிங்கு அவருக்கு முன்னால் ஓடினான். நானும் ஓடினேன். அந்த அலையில்தான் நீங்கள் கேட்ட காட்சியை எடுத்தார்கள்.

எங்கே போனான்?

நீங்கள் பார்த்தீர்களா? ஐயோ, உங்களிடம் பேசிக்கொண்டே நான். இருங்கள். மஞ்சள். மஞ்சள். அது மிதவை. அது இல்லை. அதோ. அதோ இருக்கிறான். தெற்கே நகர்ந்திருக்கிறான். நீரோட்டம் கல்லுப் பக்கம் இழுக்கிறது. அந்தக் கருங்கல் வரிசை தெரிகிறதே, கடல் அரிப்புக்குப் போட்டது. அதற்குப் பக்கத்தில் போகக் கூடாது. அவனுக்குத் தெரியும். அவன்தான் பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறான்.

அந்தக் காட்சி. சரி. இவன் அலையில் விழுந்து மாட்டிக்கொண்டவன் மாதிரி கிடக்க வேண்டும். நான் பலகையிலிருந்து பாய்ந்து, அவனைப் பிடித்து இழுத்துவர வேண்டும். கரையில் விசில் ஊதினார்கள். நான் பாய்ந்தேன். குதித்தீர்களா என்றால் குதித்தேன் தம்பி. அதில் பொய் இல்லை. குதித்த பிறகு பின்னால் இருந்த அலை வந்து எங்கள் மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. டோப்பா முகத்தில் ஒட்டிக்கொண்டது. மூச்சு இழுத்தால் தலைமுடி வருகிறது. நான் ஒன்றும் நினைக்கவில்லை, பிள்ளை குட்டி, சாமி, ஒன்றும் இல்லை. அந்தப் போட்டோ மட்டும் தெரிந்தது. பல்பு எரிகிறது. ஆனால் அதில் முகம் யாருடையது என்று தெரியவில்லை.

அப்புறம் கரை. இரண்டு பேரும் கரையில் இருந்தோம். யூனிட்டே கைதட்டியது.

யார் யாரை இழுத்துவந்தது என்று நீங்கள் நுணுக்கமாகக் கேட்டால், தண்ணீருக்குள் அதெல்லாம் சரியாகத் தெரியாது. படத்தில் நீங்கள் பார்த்ததுதான். சிவப்புக் கால்சட்டை நீலக் கால்சட்டையைத் தோளில் போட்டு இழுத்துவருகிறது. இப்போது கம்ப்யூட்டரில் கால்சட்டை நிறத்தைக்கூட மாற்றிவிடுகிறார்களாம். கதைக்குத் தேவையென்றால் மாற்ற வேண்டியதுதானே. கரைக்கு வந்தது இரண்டு பேர். அது மாறவில்லை.

படம் வந்ததும் மீனவர் சங்கத்தில் விழா வைத்தார்கள். எனக்குச் சால்வை. நண்பனுக்காகக் கடலில் குதித்தவன் என்று தலைவர் மைக்கில் பேசினார். பெண்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். தேசிங்கு முன்வரிசையில் உட்கார்ந்து விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நான் படுத்தால் எனக்கு அதுதான் ஓடும். ஒரு மனுஷன் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு இப்படிச் சிரிக்க முடியுமா? கோபமாக இருந்தால் திட்டியிருக்கலாம். கிண்டல் செய்வதற்கு அவனுக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. என் டோப்பாவைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவன், அதைப் பற்றி மட்டும் சொல்வது இல்லை.

விழா முடிந்த பிறகுதான் எனக்கு முட்டி வலி வந்தது. தண்ணீரில் இறங்குவது நின்றது.

காது என்றா சொன்னேன்? காதும்தான். இரண்டும்தான்.

அந்தப் போட்டோவைத் திரும்ப வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வடபழனிக்குப் போனேன். கம்பெனி ஆபீசில் இருந்த பையன், சிரிக்கிற ஷாட் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தான். படம் வந்து, ஓடி, டிவியிலும் போட்டாயிற்று, இப்போது கழிப்பு எடுத்து எந்தக் கார்டில் ஏற்றுவது அண்ணே என்று கேட்டான். போட்டோ செட் சாமான் வாடகைக்கு விடுகிற கிடங்குக்குப் போயிருக்கும் என்று இடம் சொன்னான்.

அங்கே போனேன். போயிருக்கக் கூடாது. நீளமான தகரக் கொட்டகை. சோபா ஒரு பக்கம், கோயில் மணி ஒரு பக்கம், நீதிமன்றக் கூண்டு ஒரு பக்கம். கடைசி அறையில் விளக்கைப் போட்டான். சுவர் முழுக்க போட்டோ தம்பி. தரையிலிருந்து கூரை வரைக்கும். எல்லாம் மாலை போட்டவை, பிளாஸ்டிக் மாலை, தூசி படிந்தது. கிழவர்கள், சுமங்கலிகள், போலீஸ் உடுப்பில் ஒருவர், சின்னக் குழந்தை ஒன்று. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். இவர்கள் எல்லாம் யார் என்றேன். யாரோ, எவனோ, முகம் நல்லா இருந்தா வாங்கி மாட்டிடுவோம் என்றான். செத்தவர்களா, இருப்பவர்களா என்றேன். அவனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அந்த அறையில் எத்தனை பேர் இந்த நேரம் எங்கேயோ காய்கறி வாங்கிக்கொண்டு இருக்கிறார்களோ, பஸ்ஸுக்கு நிற்கிறார்களோ.

தேசிங்கு அங்கே இல்லை. ஒரு மீன்காரக் குடும்பக் கதை சீரியலுக்கு வாடகைக்குப் போயிருக்கிறான். இப்போது மத்தியானம் மத்தியானம் டிவியில் வருகிறான். யாருக்கோ செத்த புருஷன். அந்த அம்மாள் அவன் போட்டோ முன்னால் நின்று அழுகிறாள். அவன் பெண்சாதி கஸ்தூரி சமைத்துக்கொண்டே அதைப் பார்க்கிறது. தேசிங்கு தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "உள்ள வாங்க, என் ரெண்டாவது சம்சாரம் அழுவுறா பாருங்க" என்று உட்கார வைக்கிறான்.

நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். உனக்குப் பயமே இல்லையா என்று. வலை முடிந்துகொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செத்தவன் நான்டா. நீ எதுக்குப் பயப்படற?"

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.

இப்போது உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், பலகை மேல். பெரிய அலைக்குக் காத்திருக்கிறான். அப்படித்தான் உட்காருவான், கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி. முன்பு பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அங்கே என்ன பேசிக்கொள்வோம் என்று டைரக்டர் கேட்டார். என்ன பேசுவோம், மீன் விலை பேசுவோம். படத்தில் அந்த இடத்தில் பாட்டு வைத்துவிட்டார்.

காலையில் அவன் தனியாக இறங்கக் கூடாது என்று நான் ஒரு வேலை செய்தேன். என் இடுப்பில் என்ன என்று பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே, பாம்பு இல்லை. கால் கயிறு. ஒரு முனை பலகையின் வாலில், மறு முனை கணுக்காலில். விழுந்தால் பலகை ஓடிப்போகாது. பலகை மிதக்கும், அதைப் பிடித்தால் நாமும் மிதப்போம். அது இல்லாமல் யாரும் இறங்குவது இல்லை. விடிந்ததும் அவன் வீட்டுப் பக்கம் போனேன். பலகை வாசலில் சாத்தியிருந்தது. கயிற்றை மட்டும் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டேன். பலகையை ஒளித்தால் சண்டை வரும். கயிறு சின்ன சாமான். தேடிப் பார்ப்பான், கிடைக்காது, இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவான். பள்ளிப் பலகைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன, சாவி என்னிடம். நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

தேடினான். வாசல், கொல்லை, கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினான். அப்புறம் என்னைப் பார்த்து, "எத்தி, கயிறு பாத்தியா?" என்றான். இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் இடுப்பைப் பார்த்தான். என் சட்டை இடுப்பில் புடைத்துக்கொண்டு இருந்தது.

"சரி, எலி தின்னுருக்கும்" என்றான். பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "வா ஹீரோ" என்றான்.

கஸ்தூரி வாசலுக்கு வந்தது. இவன் இறங்குகிற நாளில் அது ஒன்றும் சொல்லாது. என்னைத்தான் பார்க்கும்.

"நீ கூடப் போறியா அண்ணே?" என்று கேட்டது.

"கூடத்தான் இருக்கேன்" என்றேன். அதன் முகம் தெளிந்துவிட்டது. உள்ளே போய்விட்டது.

நான் பொய் சொல்லவில்லை தம்பி. கூடத்தானே இருக்கிறேன். கரையில் நிற்பதும் கூட இருப்பதுதான். கண்ணை எடுக்காமல் நிற்கிறேன். உள்ளே போய் அவனோடு நான்கு வார்த்தை மீன் விலை பேசுவதைவிட இப்படி நின்று காவல் காப்பது கஷ்டம். நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன், செய்வீர்களா? அவன் கரைக்கு வந்ததும் முதலில் அவனைச் சிரிக்கச் சொல்லி ஒன்று எடுங்கள். பேட்டி எல்லாம் அப்புறம். நேராக நிறுத்தி, கேமராவைப் பார்த்து, ஒரு சிரிப்பு. அதைப் போட வேண்டாம், அழித்துவிடுங்கள். அதே கேமராவாக இருக்க வேண்டும் என்று ராஜமாணிக்கம் சொன்னார். கேமராவுக்கு என்ன தெரியும், எல்லாம் கண்ணாடிதானே. நீங்கள் போன் செய்து வருகிறேன் என்றபோதே எனக்கு இதுதான் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் சரி வாருங்கள் என்றேன்.

அதோ எழுந்துவிட்டான். பாருங்கள், பாருங்கள். நிற்கிறான். என்ன உயரம் அந்த அலை. முட்டியை மடக்கி, இடது கையை இப்படி, ஆமாம், அப்படித்தான். அழகாக வருகிறான். வா. வா. இன்னும் கொஞ்சம். இப்போது வெளியே வந்துவிடு. போதும். வெளியே வா தேசிங்கு.

விழுந்துவிட்டான்.

ஒன்றுமில்லை. விழுவது சகஜம். இப்போது எழுவான். அலை முழுதும் கடந்து போக வேண்டும். எழுந்து பலகையைப் பிடித்துக்கொண்டு.

தம்பி, பலகை வருகிறது.

அது மட்டும் வருகிறது.

நீங்கள் உட்காருங்கள். ஷூவைக் கழற்றாதீர்கள், உங்களுக்கு இந்தக் கடல் தெரியாது. இருங்கள், அதைப் பிடிக்கிறேன். முழங்கால் தண்ணீர்தான். பிடித்துவிட்டேன். வழுக்காமல் இருக்கத் தடவிய மெழுகில் அவன் பாதம் பதிந்திருக்கிறது பாருங்கள். புதுசாக.

எங்கே? எங்கே காட்டுகிறீர்கள்? கல்லுப் பக்கமா? ஆமாம். ஆமாம், தலை. அவன்தான். நீந்துகிறான், ஆனால் அதே இடத்தில் இருக்கிறான். இழுப்பு. கல் மேல் கொண்டுபோய் அடிக்கும். கையைத் தூக்குகிறானா? நன்றாகப் பாருங்கள், உங்களுக்குச் சின்ன வயசுக் கண்.

தூக்க மாட்டான். பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித் தருவான், மாட்டிக்கொண்டால் கையைத் தூக்கு, கூட வந்தவன் வருவான் என்று. அவன் தூக்க மாட்டான். தூக்கினால் நான் போக வேண்டியிருக்கும். என்னால் முடியாது என்று அவனுக்குத் தெரியும். காலையில் என் இடுப்பைப் பார்த்தானே, அதற்கும் முன்னாலேயே தெரியும். அன்றைக்கு டோப்பாவோடு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோதே தெரியும். அதனால்தான் தூக்க மாட்டான்.

நீங்கள் ஓடுங்கள். வலைக்கூடத்தில் எல்லோரும் இருப்பார்கள். தேசிங்கு கல்லுப் பக்கம் மாட்டிக்கொண்டான் என்று சொல்லுங்கள், நீளக் கயிறும் டியூபும் எடுத்துக்கொண்டு கல் மேல் வரச் சொல்லுங்கள். படகு வேண்டாம், இந்த அலையில் படகு இறங்காது. பலகைதான் போகும்.

நான் இந்தக் கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். அவனுடையது. வேறு ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும் அல்லவா. இந்த முனை பலகையில். ஒரு தடவை நழுவியது. ஆனால் முடிச்சு விழுந்துவிட்டது. இந்த முனை காலில். முட்டி நன்றாகத்தான் மடங்குகிறது.

தண்ணீர் சூடாக இருக்கிறது. புயலுக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும். நான் மறந்தே போய்விட்டேன்.

என்ன தம்பி, இன்னும் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அணையுங்கள். நான் போவதை எடுக்காதீர்கள், இது அந்தக் காட்சி இல்லை. அந்தப் படகில் வைத்துவிட்டு ஓடுங்கள். அவன் வந்ததும் எடுங்கள். சிரிக்கச் சொல்லி. அவனை மட்டும்.

மாலை இல்லாமல்.